ஆறாவது துண்டு

உங்களிடம் ஒரு கேள்வி. விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர்களின் பைக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கோலா கங்சார் இரயில் நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய் நின்றால் போதும். கோலாலம்பூருக்குப் போகும் மின்சார இரயிலுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இரண்டு பை இருக்கும். ஒன்று துணிப் பை, மற்றொன்று தின்பண்டப் பை. துணிப் பை தரையில் கிடக்கும். தின்பண்டப் பையோ மடியில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கும்! அதற்குள் எட்டிப் பார்த்தால் முறுக்கு, கடலை, பிஸ்கட், ஊறுகாய், நெத்திலிக் கருவாடு... அம்மாவின் பாசம் பாதி, ஈப்போக் கடைத்தெரு பாதி.

"ஊருக்குப் போனால் என்ன வாங்கலாம்?" என்று என்னைக் கேட்கிறவர்கள் அதிகம். சொந்தக்காரர்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். கோயிலில் பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். ஆகவே, எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, தின்பண்டக் கதை எங்கள் வீட்டுக் கதையாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பத்துக் கட்டை தூரம்

எனக்கு இப்போது வயது அறுபத்து மூன்று. பிறந்தது கோலா கங்சாருக்குப் பத்துக் கட்டை தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். இன்று அங்கே லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. செம்பனைதான் வரிசை வரிசையாக நிற்கிறது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். விடியுமுன் பெரட்டுக் களம், பிறகு நிரை, பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகை. நாங்கள் ஐந்து பிள்ளைகள். நான் மூத்தவள். எனக்கு அடுத்து ஒரு தம்பி, பிறகு இரண்டு தங்கைகள், கடைசியாகச் சின்னத் தம்பி.

தோட்டத்துக் கடையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் புத்தகத்தில் ஏறும். சம்பளம் போட்டதும் புத்தகம்தான் முதலில் வாயைத் திறக்கும். அது தின்றது போக மிச்சம் இருந்தால்தான் எங்களுக்கு. அந்தப் புத்தகத்தில் பண்டம் எழுத அம்மா விடமாட்டார். "வயித்துக்குக் கடன் வாங்கலாம், நாக்குக்குக் கடன் வாங்கக்கூடாது" என்பது அவர் சட்டம்.

ஆகவே, எங்களுக்குப் பண்டம் என்றால் அது மாதம் ஒருமுறைதான். சம்பளம் போட்ட மறு ஞாயிறு அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் போவார். திரும்பி வரும்போது கைப்பிடியில் ஒரு பழுப்புக் காகிதப் பை ஆடும். அதற்குள் டவுன் கோப்பிக் கடையில் வாங்கிய தவ்சா பாவ் இரண்டு இருக்கும். ஆவியில் வெந்த வெள்ளை மாவு, உள்ளே அரைத்த இனிப்புப் பயறு. பத்துக் கட்டை வருவதற்குள் ஆறிப் போயிருக்கும். அம்மா அதை இட்லிச் சட்டியில் வைத்து மறுபடி சூடாக்குவார்.

இரண்டு பாவ், ஐந்து பிள்ளைகள். கணக்கு எப்படி வரும்? அம்மா ஒவ்வொரு பாவையும் மூன்றாகப் பிய்ப்பார். ஆறு துண்டு. ஐந்து எங்களுக்கு. மிச்சம் ஒன்று.

அந்த ஆறாவது துண்டின் மேல்தான் எங்கள் கண்! அப்பா அதைத் தொடமாட்டார், அம்மாவும் தொடமாட்டார். அந்த மாதத்தில் யாருக்குப் பாடு அதிகமோ அவர்களுக்கு அது போகும். காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு ஒரு மாதம். தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றவளுக்கு ஒரு மாதம். செய்யாத தப்புக்கு அடி வாங்கியவனுக்கு ஒரு மாதம். அம்மா எதையும் விளக்கிச் சொல்லமாட்டார். "இந்தா" என்பார், அவ்வளவுதான். ஏன் அவனுக்கு, ஏன் எனக்கு இல்லை என்று நாங்களும் கேட்டதில்லை. கேட்காமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் உழைப்பு வேர்விட்ட ஊர்

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றி நாலு வரி. கோலா கங்சார் பேராக் சுல்தானின் அரச நகரம். பேராக் ஆற்றங்கரையில் இருக்கிறது. பொன் நிறக் குவிமாடம் கொண்ட உபுடியா மசூதி 1917இல் கட்டி முடிந்தது. மலாய்க் கல்லூரி 1905இல் தொடங்கியது. சுற்றுலாக்காரர்கள் இவற்றைத்தான் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நமக்கு முக்கியமானது வேறொன்று. மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைக் காத்து வருகிறார்கள். பிரேசில் நாட்டு விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் சிங்கப்பூர் வழியாக 1877இல் இங்கே வந்தன. அப்போது பேராக்கில் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் நட வைத்தார். அந்த நாளைய மரங்களில் எஞ்சி நிற்பது இது. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த மரத்தின் மூதாதை என்றே சொல்லலாம். பிள்ளைகளை அழைத்து வந்தால் பாவ் வாங்கித் தருவதற்கு முன்பு இந்த மரத்தைக் காட்டுங்கள். காசு செலவில்லை!

இனி, என்ன வாங்கலாம்?

முதலில் கோலா கங்சார். ஆற்றோரக் கடைகளில் லக்சாவும் செண்டோலும் சாப்பிடாமல் போகாதீர்கள். இங்கத்து லக்சாவுக்குக் கோதுமை மாவில் இழை செய்கிறார்கள். மீன் குழம்பு புளிப்பாக, தண்ணீராக இருக்கும். முட்டையைக் கூடு போல் பொரித்து அதற்குள் லக்சாவை வைத்துத் தருவதும் உண்டு. இவை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவை, கட்டிக்கொண்டு போகிற பண்டமல்ல.

கட்டிக்கொண்டு போவதற்குப் பாவ் இருக்கிறது. தவ்சா, காயா, கோழிக் கறி என்று பல வகை. கறி பாவை வாங்கிக் காரின் சூட்டில் மணிக்கணக்காக வைக்காதீர்கள், கெட்டுவிடும். புறப்படும்போது கடைசியாக வாங்குங்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது மறுபடி ஆவியில் சூடாக்குங்கள். நல்ல பாவ் மதியத்துக்கு மேல் கிடைப்பது சிரமம். காலா காலத்தில் போய்விடுங்கள்.

தின்னும் பண்டமல்ல, ஆனாலும் சொல்கிறேன்: ஆற்றுக்கு அக்கரையில் சாயோங் கம்பத்தில் செய்யும் லாபு சாயோங். சுரைக்காய் வடிவத்தில் கறுப்பு மண் கூஜா. சூளையிலிருந்து சுடச்சுட எடுத்து உமியில் போட்டுக் கறுப்பாக்குகிறார்கள். அதில் ஊற்றி வைத்த தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பாட்டி வீட்டு மண்பானையை மறக்காதவர்களுக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது.

ஆற்றின் மேற்பகுதியில் லெங்கோங் இருக்கிறது. அங்கே ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியும் சேர்த்து ஊறவைத்த பெக்காசாம் பேர்போனது. எண்ணெயில் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுச் சுடுசோற்றோடு சாப்பிட்டால், நம் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். லூமுட், பங்கோர் பக்கம் போகிறவர்கள் நெத்திலியும் காய்ந்த கணவாயும் வாங்கலாம். நெத்திலி கையில் எடுத்தால் உலர்ந்து இருக்கவேண்டும். ஈரமாக ஒட்டினால் வேண்டாம்.

அடுத்தது ஈப்போ. நம்மவர்கள் கண்டிப்பாகப் போக வேண்டிய இடம் புந்தோங். அங்கே கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஒரு பகுதி இருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்கள் வீட்டோடு வீடாக முறுக்கும் ஓமப்பொடியும் பகோடாவும் காராக் கடலையும் பொரித்து விற்கிறார்கள். அந்த நாளில் சினிமாக் கொட்டகை வாசலில் தலையில் தட்டோடு கச்சான் பூத்தே விற்றவர்களை நினைவிருக்கிறதா? பழைய தாளைக் கூம்பாகச் சுருட்டி அளந்து போடுவார்களே! அந்தத் தொழில்தான் இன்று பெரிய கடைகளாக, பொட்டலம் பொட்டலமாக நாடெங்கும் போகிறது. அங்கேயே போய் வாங்கினால் சூடாகவும் கிடைக்கும், நம்மவர் கைக்கும் காசு போகும். வாங்குமுன் ஒன்று வாயில் போட்டுப் பாருங்கள். காறல் எண்ணெய் வாடை வந்தால் பழையது.

ஈப்போவை ஒட்டிய மெங்லெம்பு நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. தோலோடு உப்பு நீரில் அவித்து, உலர்த்தி, வறுத்தது. பொட்டலம் கட்டிப் போனால் பல நாள் கெடாது. தம்புனில் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் பம்ளிமாசுக் கடைகள் வரிசையாக இருக்கும். பழத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனமாக இருந்தால் சாறு இருக்கிறது என்று பொருள். பெரிய பழமெல்லாம் நல்ல பழமல்ல! தோல் சற்றுச் சுருங்கும் வரை வீட்டில் வைத்திருந்து உரித்தால் இனிப்புக் கூடும்.

குனோங் ராப்பாட்டில் ஹியோங் பியா என்ற உருண்டைப் பிஸ்கட் செய்கிறார்கள். மேலே எள், உள்ளே பாகு, நடுவில் வெங்காய வாசனை. தேங்காய் மட்டை எரித்த அடுப்பில் சுடுவது பழைய முறை. இதில் ஓர் எச்சரிக்கை: பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, தாவர எண்ணெயில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சைவம் பார்க்கிற வீட்டுக்கு வாங்கினால் கேட்டு வாங்குங்கள். கம்பார் பக்கம் போனால் கோழிப் பிஸ்கட் உண்டு, இதற்கும் அதே கேள்வி. பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் கொய்யாவும் பெத்தாயும் கிடைக்கும்.

பேரங்காடிக்குள் நுழையுமுன்

எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவர் பிரான்சு நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "வாசனைத் திரவியம் வாங்கி வந்தீர்களா?" என்று கேட்டேன். "இல்லையம்மா, பேரங்காடிக்குள் போய்ப் பிஸ்கட் வாங்கி வந்தேன்" என்றார்! நாந்த் என்ற ஊரில் 1886இல் பிறந்த வெண்ணெய்ப் பிஸ்கட்டு, சுற்றிலும் பல் பல்லாக இருந்தது. மோன்தெலிமார் ஊரின் நூகாவும் கொண்டுவந்தார். தேனும் பாதாமும் சேர்ந்தது, நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்து உறவு. விமான நிலையத்தில் வாங்கினால் விலை அதிகமாம். உள்ளூர்க்காரர்கள் தினமும் வாங்குகிற கடையில் வாங்கினால் விலையும் குறைவு, பண்டமும் புதியதாம். பாரிஸில் லா ஷப்பேல் என்ற பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகளில் முருங்கைக்காயும் முறுக்கும் பார்த்தபோது கண் கலங்கிவிட்டதாகவும் சொன்னார்.

பிரெஞ்சுக்காரருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். நம் லயங்களைச் சுற்றி நிற்கும் செம்பனையை இந்த நாட்டில் தோட்டப் பயிராக முதலில் நட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். ஆன்றி ஃபொக்கோனியே என்பவர் 1917இல் கோலா சிலாங்கூர் பக்கம் நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்!

சரி, ஆசிரியை சொன்ன புத்தி நமக்கும் பொருந்தும். ஓய்விடக் கடையில் 'நினைவுப் பரிசு' என்று அடுக்கி வைத்திருப்பதை அவசரத்தில் அள்ளாதீர்கள். அதே வெள்ளைக் கோப்பி ஊர்ப் பேரங்காடியில் மலிவாகக் கிடைக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் போகவேண்டும். பண்டத்துக்கு இவ்வளவுதான் என்று வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

என் பழக்கம் நாலு. முதலாவது, பெட்டியின் அளவைப் பார்க்காமல் எடையைப் பார்ப்பேன். நூறு கிராம் என்ன விலை என்று மனக்கணக்குப் போட்டால் பெரிய பெட்டியின் வேஷம் கலைந்துவிடும். இரண்டாவது, காலாவதித் தேதி. மலிவு விற்பனை என்றால் இதை இரண்டு முறை பார்க்கவேண்டும். மூன்றாவது, ஹலால் முத்திரை. நாம் இந்துக்களானாலும் அது நமக்கும் உதவும். முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்பு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால், முட்டையோ மீனோ இல்லை என்று அதற்குப் பொருளல்ல. சைவக்காரர்கள் சேர்மானத்தையும் படிக்கவேண்டும்.

நாலாவது, சீனி. நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வது இதற்குத்தான். ஈப்போ வெள்ளைக் கோப்பியின் கொட்டையைச் சீனி சேர்க்காமல் மார்ஜரினில் வறுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் மூன்றும் கலந்த பொட்டலத்தில் சீனி தாராளமாக இருக்கும். சீனி சேர்க்காத பொட்டலமும் பக்கத்திலேயே இருக்கும், தேடினால் கிடைக்கும்.

ஏன் இந்தக் கிழவி சீனியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்கிறீர்களா? சொல்கிறேன்.

எங்கள் வீட்டு இனிப்பு நீர்

எனக்கு அடுத்த தம்பி இன்று இல்லை. 2019இல் போய்விட்டான். இனிப்பு நீர் அவன் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். வழியில் எங்கே நிறுத்தினாலும் ஒரு தே தாரேக், ஒரு இனிப்புப் பானம். தாகம் என்று குடித்தான். தாகமே நோயின் அடையாளம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க அவனோடு போய் உட்கார்ந்திருந்தவள் நான்.

2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். பலருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே மற்றவர்களைவிட அதிகம். எண்ணிக்கை என்றால் பத்திரிகைச் செய்தி. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாற்காலி காலியானால்தான் அது என்னவென்று புரிகிறது.

அம்மாவுக்கும் இனிப்பு நீர்தான். வயது எண்பத்து நாலு. மூன்று வருடத்துக்கு முன்பு காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். என்னோடுதான் இருக்கிறார். அவர் தட்டில் எவ்வளவு சோறு, கோப்பியில் என்ன, எத்தனை மணிக்கு ஊசி என்பதெல்லாம் என் பொறுப்பு. தம்பியைக் கொடுத்தது போதும் என்று நான் போலீஸ்காரி ஆகிவிட்டேன்.

போன பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் வந்தார்கள். கிள்ளானிலிருந்து ஒரு தங்கை, ஈப்போவிலிருந்து ஒரு தங்கை, ஜோகூர் பாருவிலிருந்து சின்னத் தம்பி. காலமான தம்பியின் மகனும் வந்திருந்தான். சின்னத் தம்பி தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். வருடத்தில் இரண்டு தடவை வந்தால் அதிகம். வந்த மறுநாள் காலை அம்மாவிடம், "என்னம்மா வேணும் உங்களுக்கு? எது வேணும்னாலும் கேளுங்க" என்றான்.

அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "டவுன்ல பாவ் வாங்கிட்டு வாடா. தவ்சா பாவ். ரெண்டு."

நான் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தேன். "முடியாது. காலையில எத்தனை அளவு வந்துச்சு தெரியுமா?"

"அக்கா, ஒரு நாளைக்குத்தானே..."

"உனக்கு ஒரு நாள். நீ நாளைக்குப் போயிடுவ. ராத்திரி பூரா பக்கத்துல முழிச்சிருக்கிறது யாரு?"

சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன். சின்னத் தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "எண்பத்து நாலு வயசுல அம்மா ஆசைப்பட்டு ஒரு பாவ் சாப்பிடக்கூடாதா? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா, வாங்கித் தரலையேன்னு நான் ஆயுசு பூரா அழணுமா?" என்றான். "வாங்கித் தந்து அனுப்பினவங்கதான் பெரியவனை அனுப்புனாங்க" என்றேன் நான். பெரியவனின் மகன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டான். வீடு அமைதியாகிவிட்டது. பண்டத்தை வைத்துப் பாசம் காட்டப் போய் இப்படி ஆகிவிடுகிறது, பாருங்கள்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுதானே கேட்டேன். போய் வாங்கிட்டு வாடா" என்றார் மறுபடியும், ஒன்றுமே நடக்காத மாதிரி.

இந்தா

சின்னத் தம்பி வாங்கி வந்தான். நான் பேசவில்லை. கோபத்தோடு இட்லிச் சட்டியில் வைத்துச் சூடாக்கித் தட்டில் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தேன்.

அம்மா சாப்பிடவில்லை. தட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பால்மரம் வெட்டிக் காய்ப்பேறிய விரல்கள் இப்போது நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தோடு ஒரு பாவை எடுத்து மூன்றாகப் பிய்த்தார். அடுத்ததை எடுத்து மூன்றாகப் பிய்த்தார். ஆறு துண்டு.

கிள்ளான் தங்கை "அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு ஒன்று. இரண்டு தங்கைகளுக்கும் ஒவ்வொன்று. சின்னத் தம்பிக்கு ஒன்று. ஐந்தாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "உங்கப்பனோடது. நீ சாப்புடு" என்றார்.

ஆறாவது துண்டு தட்டில் இருந்தது. நாங்கள் நாலு பேரும் அறுபது வயதை ஒட்டிய கிழடுகள், வாசகர்களே! ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிடம் நாலு பேரின் கண்ணும் அந்தத் துண்டின் மேல்தான் இருந்தது. யாருக்கு?

"இந்தா" என்று அம்மா அதை என் பக்கம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. வாங்க முடியவில்லை. "நீங்க சாப்புடத்தானே கேட்டீங்க?" என்றேன்.

"நான் எங்க சாப்புடணும்னேன்? ரெண்டு வாங்கிட்டு வான்னுதான் சொன்னேன்" என்றார் அம்மா. "எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க. பிட்டுக் குடுத்து எத்தனை வருசமாச்சு. இப்பல்லாம் எனக்கு நீங்கதான் அளந்து வைக்கிறீங்க. ஒரு நாளு நான் அளக்கக்கூடாதா?"

அன்று எனக்குப் புரிந்தது. நான் அம்மாவின் தட்டை மட்டும் காத்தேன். அவர் கையில் இருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு காலத்தில் ஏழு பேருக்குச் சோறு அளந்த கை அது. மருந்தைக் கொடுத்தேன், ஊசியைப் போட்டேன். பரிமாறுகிற அகப்பையை மட்டும் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

என் துண்டிலிருந்து ஒரு விள்ளல் பிய்த்து அம்மாவின் வாயில் வைத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். அன்று மதியம் அவர் தட்டில் சோற்றைக் குறைத்தேன். அரசாங்க மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்மணி எனக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருந்த வழிதான் அது: இனிப்பாக ஒரு வாய் போனால், அந்த வேளைச் சோற்றில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும், வழக்கத்துக்கு மேல் சேரவிடக் கூடாது. மாலையில் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். பயந்த மாதிரி ஒன்றும் ஏறவில்லை. சின்னத் தம்பி எட்டிப் பார்த்து, "பாஸா அக்கா?" என்றான். காலையில் போட்ட சண்டை அந்த ஒரு சொல்லோடு போயிற்று.

அவன் புறப்படும்போது தின்பண்டப் பையை நான்தான் கட்டிக் கொடுத்தேன். புந்தோங் முறுக்கு ஒரு பொட்டலம், மெங்லெம்புக் கடலை, சீனி சேர்க்காத வெள்ளைக் கோப்பி, இரண்டு பம்ளிமாசு. அவனும் ஐம்பதைத் தாண்டியவன் அல்லவா! போகும்போது, "இரத்தம் சோதிச்சுட்டு அளவைப் போன்ல சொல்லு, அப்பத்தான் அடுத்த தடவை முறுக்கு" என்று சொல்லி அனுப்பினேன். சொன்னபடி செய்தான். சற்று அதிகமாகத்தான் இருந்தது. இப்போது மருத்துவரைப் பார்த்து வருகிறான்.

ஆகவே, வாசகர்களே, இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். புந்தோங்கில் வாங்குங்கள், தம்புனில் வாங்குங்கள், ஊர்ப் பேரங்காடியிலும் விலை பார்த்து வாங்குங்கள். ஆனால், வாங்கிப் போன பையை நீங்களே திறந்து நீங்களே பங்கு போடாதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவர் மடியில் கொண்டுபோய் வையுங்கள். சாப்பிடுவது ஒரு விள்ளலாக இருக்கட்டும். பிட்டுக் கொடுப்பது அவர் கையாக இருக்கட்டும்.

ஆறாவது துண்டு யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.